தட்டிப் பார்த்த இடம்

முதலாளி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதத்தில் ரம்பம் ஓடாத நாள் ஒன்றே ஒன்றுதான், அவரை அடக்கம் செய்த அன்று. மறுநாள் காலை எட்டு மணிக்கு மூத்த மகள் சாவிக்கொத்தோடு வந்து மில் கதவைத் திறந்துவிட்டாள். "அப்பா இருந்திருந்தா நேத்தே அரை நாள் ஓட்டியிருப்பாரு" என்றாள். வேலையாட்கள் சிரித்தார்கள். அவள் சொன்னதில் பொய்யில்லை. தன் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு ஒரு முழு மரத்தடியை ட்ராலியில் ஏற்றி அறுத்த மனிதர் அவர். அந்தக் கதையையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

இன்று இரண்டாவது விடுமுறை. பதினொரு மணிக்குக் கூட்டம். வேலையாட்கள், மரம் வாங்கும் தச்சர்கள், லாரிக்காரர்கள், தெருவில் கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் வருவார்கள். அவரைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு சாப்பாடு.

இளைய மகன் ஆறரைக்கே வந்துவிட்டான். முந்தின நாள் மழையில் முற்றத்து மரத்தூள் நனைந்து கஞ்சி போல் கிடந்தது. ஈர மரத்தூளுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. பிறந்ததிலிருந்து முகர்வதால் அவனுக்கு அது தெரியாது. அவனுடைய மனைவிதான் முதன்முதலில் சொன்னாள், "உங்க வீட்டுல எல்லாரும் ஊறுகாய் பானைக்குள்ள இருந்து எழுந்து வந்த மாதிரி வாசம் அடிக்கறீங்க" என்று. அவள் போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. அவன் தூளை வாரி மூலையில் கொட்டினான். பலகைகளைச் செங்கல் மேல் அடுக்கி உட்காரும் வரிசைகளாக்கினான். ரம்பத்தின் மேல் சாக்கைப் போர்த்தினான்.

வாசல் ஓரம் ஒரு பெரிய தடி கிடந்தது. அதைத் தள்ள முடியவில்லை, விட்டுவிட்டான். முதலாளி கடைசியாக வாங்கிப் போட்ட தடி அது. இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. நடுவில் கிளை ஒடிந்த தழும்பு ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அந்தத் தழும்பு வழியாக மழை இறங்கி, உள்ளே மூன்று முழத்துக்கு மரம் மக்கிப் போயிருந்தது. வெளியே தெரியாது. இரு முனைகளும் கல் மாதிரி இருந்தன. வெடிக்காமலிருக்கச் சிவப்புப் பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். கடைசி வருடத்தில் முதலாளிக்குக் காது போய்விட்டது. வாய் போகவில்லை. "தட்டிட்டேன், தங்கம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த மில்லில் அவர் தட்டிச் சொன்னதை மறுத்துப் பேசிய ஆள் கிடையாது.

மற்ற மில்காரர்கள் கோடாரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார்கள். அவருக்கு விரல் முட்டி போதும். நடுவிரலை மடக்கி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி ஒரு தட்டு. பொந்து எங்கே, எத்தனை முழம், வண்டு அரித்ததா, தண்ணீர் இறங்கியதா என்று எல்லாம் சொல்லிவிடுவார். அறுத்தால் அப்படியே இருக்கும். தடியைத் தட்டிய கையால் பிள்ளைகள் தலையிலும் தட்டுவார். "குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால குட்டுப்படணும்னு சொல்வாங்க. எங்கிட்ட மோதிரம் இல்ல. முட்டிதான் இருக்கு, வாங்கிக்கோ" என்பார். குட்டு வாங்கிய பிள்ளையும் சிரிக்கும்.

அவர் சொன்ன தொழில் ரகசியம் ஒன்று உண்டு. அது மில்லைத் தாண்டிப் போனதில்லை. வாங்கும்போது நடுவில் தட்டு, விற்கும்போது ஓரத்தில் தட்டு. ஓரம் எப்போதும் நன்றாகத்தான் ஒலிக்கும். "வாங்க வர்றவனுக்குச் சத்தமா தெரியப் போகுது?" என்று மருமகன் ஒரு தடவை கேட்டார். "அவன் காதுக்காக இல்ல மாப்பிள்ளை. நம்ம மூஞ்சிக்காக. நடுவுல தட்டினா சத்தம் நம்ம காதுல விழும். விழுந்தா மூஞ்சி மாறும். அவன் சத்தத்தையா பார்க்கறான், மூஞ்சியத்தான பார்க்கறான்?" என்றார் முதலாளி.

முற்றத்தின் பின்பக்கம் சமையல் நடந்துகொண்டிருந்தது. நான்கு அண்டாக்கள். மரம் அறுக்கும்போது கழிக்கும் பட்டைக் கட்டைகளைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டிருந்தார் முக்கால். நாற்பது வருடம் ரம்பத்தில் நின்றவர். வலது கையில் மூன்று விரல் கிடையாது. மில்லில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. வேலைக்கு வந்த மூன்றாம் நாள் முதலாளி ஒரு பெயர் வைப்பார். ஒரு வாரத்தில் வீட்டுக்காரியும் அப்படியே கூப்பிடுவாள். விரல் போய்த் திரும்பி வந்தவரைப் பார்த்து, "இனிமே நீ முழு ஆள் இல்ல, முக்கால்" என்றார். மூத்த மகள் சாவியையும் வாயையும் இறுக்கமாக வைத்திருந்ததால் பூட்டு. இளைய மகன் சிராய். பிறக்கும்போதே ஒல்லி. "சிராய் மாதிரி. கண்ணுக்குத் தெரிய மாட்டான், ஆனா குத்துவான்" என்று சொல்லி வைத்த பெயர். முப்பத்திரண்டு வயதாகியும் அவன் யாரையும் குத்தியதில்லை.

"அண்ணே" என்றான் சிராய். "இன்னைக்கு நீங்க என்ன கதை சொல்றீங்க?"

"என்ன கதைன்னா?" முக்கால் ஒரு கட்டையைக் காலால் தள்ளினார். "ஆயிரம் இருக்கு தம்பி. என் விரல் போன கதை போதாதா? என்னை முதுகுல போட்டுக்கிட்டு ஓடறாரு. ரத்தம் அவர் சட்டையெல்லாம் ஊத்துது. ஓடிக்கிட்டே கேக்கறாரு, 'டேய், போன விரல்ல மோதிரம் கீதிரம் இருந்துச்சா, திரும்பிப் போய்த் தூள்ல தேடணுமா'ன்னு. உயிர் போற வலியில சிரிச்சேன் தம்பி. நர்சு பயந்துட்டா, பைத்தியம்னு."

"அதையே சொல்லுங்க."

"அது உங்க மாமாவுக்கு, அதான் அக்கா வீட்டுக்காரருக்குப் போயிடுச்சு. அக்கா கதையைப் பங்கு போட்டுட்டாங்க இல்ல? ஆளுக்கு ஒண்ணு, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக் கூடாது. எனக்கு விசில் கதை."

சிராய் அண்டாவைப் பார்த்தான். கறியும் உருளைக்கிழங்கும் கொதித்துக்கொண்டிருந்தன.

"அது வேணாம்ணே."

"ஏன்?"

"வேணாம்."

முக்கால் புகையில் கண்ணைச் சுருக்கினார். "தம்பி, நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல. ஆனா அன்னைக்கு அந்தப் பொண்ணே விழுந்து விழுந்து சிரிச்சுதே. நான் பார்த்தேனே."

"ஆமா. சிரிச்சா."

"அப்புறம் என்ன? அக்காகிட்ட கேளு. அவங்க மாத்தினா நான் மாத்திக்கறேன். என் வயசுக்கு இன்னொரு கதையா கிடைக்காது?"

அக்கா அலுவலக அறையில் இருந்தாள். அறை என்றால் பலகைச் சுவர் வைத்த ஒரு கூண்டு. மேசை மேல் அப்பாவின் பெரிய படம் சாய்த்து வைத்திருந்தது. வாய் முழுக்கச் சிரிப்பு, கடைவாயில் ஒரு பல் இல்லை. அவள் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பலகையெல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சு. அக்கா, முக்கால் அண்ணனுக்கு வேற கதை குடு."

அவள் நிமிரவில்லை. "ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா?"

"விசில் செத்தது நெஞ்சுல சளி கட்டி. அப்பா செத்தது வயசாகி. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதே."

"நான் முடிச்சுப் போடல. ஒரே ஒரு கதைய விடுன்னுதான் கேக்கறேன்."

"கூட்டத்துல பாதிப் பேரு அந்தக் கதைய கேக்கத்தான் வர்றாங்க. அப்பாவைப் பத்திப் பேசிட்டு அதை விட்டா, 'ஏன் விட்டாங்க'ன்னு யோசிப்பாங்க. யோசிக்கறது நல்லதா, சிரிக்கறது நல்லதா?" துணியைப் பிழிந்தாள். "இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்தக் கதையில அவ உயிரோட இருக்கா. சிரிக்கறா. வேற எதுலடா இருக்கா அவ? உன்கிட்ட ஒரு போட்டோகூட ஒழுங்கா இல்ல."

அவன் வாசல் பக்கம் திரும்பினான்.

"கடைசியா நீ பேசணும். ரெண்டு வார்த்தை. 'எங்கப்பா தட்டினா தப்பாது'ன்னு சொல்லிட்டு உட்காரு. போ, நாற்காலி வந்திருக்கும்."

விசில் என்பது அவள் பெயர். கல்யாணமாகி வந்த முதல் வாரம், ரம்பம் ஓடும் சத்தத்தில் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவர் காதிலும் விழவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். ரம்பம் நின்றது. எட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். புது மருமகள் முகம் சிவந்து நின்றாள். முதலாளி இடுப்பில் கைவைத்துச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. "இது வீட்டுக்கு வந்த பொண்ணு இல்லடா, பேக்டரிக்கு வந்த சங்கு" என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு விசில், தேநீருக்கு விசில், லாரி வந்தால் விசில். அவளை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். தட்டில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து அவளுக்கு வைப்பார். அதெல்லாம் பொய்யில்லை.

நான்காம் வருடம் மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. வலது விலாவில் குத்துகிறது என்றாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினாள். விசில் அடித்தால் பாதியில் காற்று தீர்ந்தது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ஆர்டர் வந்திருந்தது. நானூறு பெஞ்சுக்குப் பலகை, எட்டு நாள் கெடு. இரண்டு வேளைக்கு ஒருமுறை ரம்பப் பட்டையைக் கழற்றி ஒவ்வொரு பல்லாக அரம் போட்டுத் தீட்ட வேண்டும். பல் ஒன்று சாய்ந்தாலும் பலகை அலை அலையாக வரும். அந்த வேலை தெரிந்த கை மில்லில் ஒன்றுதான். சிராய். அந்த ஆர்டர் வந்த காலையில் முதலாளி வேலையாட்கள் முன்னால் அவனை, "மிஸ்திரி, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். கைத்தேர்ச்சி உள்ளவனுக்கு உரிய அந்த மரியாதைப் பெயர், இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அவன் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தான்.

அன்று தேநீர் நேரத்தில் அவன் அவளைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். "அப்பா, இவளுக்கு மூச்சு விட முடியல. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரட்டுமா?" போக வர ஒரு நாள். வரிசையில் நின்றால் இரண்டு நாள்.

முதலாளி தேநீரைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரில என்ன பண்ணுவான்? தட்டிப் பார்ப்பான். அதை நான் பார்க்க மாட்டேனா? திரும்பு விசில்."

எல்லாரும் கூடிவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி நின்றாள். அவர் தடியைச் சுற்றுவதுபோல் அவளை ஒரு சுற்றுச் சுற்றினார். விரலை மடக்கினார், கண்ணை மூடினார், தலையைச் சாய்த்தார். தோள்பட்டையில் ஒரு தட்டு.

"நல்ல மரம். உள்ள ஒண்ணுமில்ல" என்றார். "அறுத்தா ஆறு கட்டில் வரும்."

முற்றமே சிரித்தது. அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

எட்டாம் நாள் பெஞ்சுப் பலகை லாரி ஏறியது. ஒன்பதாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அதே லாரி திரும்பி வந்தபோது, டிரைவர் பக்கத்தில் சாய்த்து வைத்து. இளம் டாக்டர் ஒருவர் அவள் சட்டையை முதுகில் உயர்த்தி, இடது கை விரலை விலா மேல் வைத்து, வலது விரலால் அதைத் தட்டினார். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. விலாவின் நடுவுக்கு வந்ததும் சத்தம் மாறியது. ஈர மூட்டையைத் தட்டினாற்போல் மொத்தென்று விழுந்தது. வாசலில் நின்ற சிராய்க்கே கேட்டது. டாக்டரின் முகம் மாறியது. அவருக்குத் தொழில் ரகசியம் தெரிந்திருக்கவில்லை.

"உள்ள சீழ் கோத்திருக்கு. எத்தனை நாளா இப்படி? யாரும் பார்க்கலையா?"

"பார்த்தாங்க."

"யாரு?"

"எங்கப்பா."

"டாக்டரா?"

"இல்லீங்க. மரம் அறுக்கறவர்."

டாக்டர் அவள் சட்டையை இறக்கிவிட்டார். "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா குழாய் போட்டு எடுத்திருக்கலாம். இப்ப ரத்தத்துல கலந்துடுச்சு" என்றார். மூன்று நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். நர்சைக் கூப்பிடுவதற்கா, தண்ணீருக்கா, தெரியாது. சத்தம் வரவில்லை.

முதலாளி குழந்தை மாதிரி அழுதார். பெட்டிக்கான பலகையைத் தானே தேர்ந்தெடுத்து, தானே இழைத்தார். ஒரு வாரம் சாப்பிடவில்லை. ஊரே அவரைத்தான் தேற்றியது. ஆறு மாதம் கழித்து, புது டிரைவர் ஒருவனிடம் மில்லின் பெருமைகளைச் சொல்லும்போது, அந்தத் தட்டிய கதையை அவரே சொன்னார். 'ஆறு கட்டில்' வரை. அதற்குமேல் கதை இல்லை. மகனுக்கும் அந்த எட்டு நாளோடு மிஸ்திரி முடிந்தது. பழையபடி சிராய்.

பதினொரு மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது. மழை தூறலோடு நின்றது. பலகைகளில் இடமில்லாமல் ட்ராலி மேலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முன்னால் வந்து, "யாரும் அழக் கூடாது. அப்பாவுக்குப் பிடிக்காது. ஆளுக்கு ஒரு கதை. சிரிச்சுட்டு, சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றாள்.

முதலில் கேள்வி எழுந்தார். கதவு, ஜன்னல் செய்யும் தச்சர். எந்தப் பலகையை எடுத்தாலும் ஒன்பது கேள்வி கேட்பதால் வந்த பெயர். "எனக்கு வீடு எரிஞ்ச வருஷம்" என்று தொடங்கினார். "மறுநாள் காலைல வாசல்ல ஒரு வண்டிப் பலகை வந்து இறங்குது. ஓடி வந்து கேட்டேன், எதுக்குன்னு, யாருக்குன்னு, எப்பத் திருப்பித் தரணும்னு. 'மூணு கேள்வி கேட்டே. இன்னொரு கேள்வி கேட்டா வண்டியத் திருப்பிடுவேன்'னாரு." சிரித்தார்கள். கேள்வி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கதவுதான் இன்னும் என் வீட்டுல இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார்.

மாமா விரல் போன கதையைச் சொன்னார். முக்கால் எழுந்து நின்று கையைத் தூக்கிக் காட்டினார். கைதட்டினார்கள். லாரிக்காரர் ஒருவர், தன் லாரி சேற்றில் மாட்டியபோது முதலாளி அதன் காதில் ரகசியம் சொல்லிக் கிளப்பிய கதையைச் சொன்னார். சிராய் கடைசி வரிசையில், சாக்குப் போர்த்திய ரம்பத்தின் மேல் முதுகைச் சாய்த்து நின்றான்.

"அடுத்தது முக்கால்" என்றாள் அக்கா. "நம்ம விசில் கதை."

முக்கால் எழுந்தார். தம்பி இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தது. அவர் என்ன செய்வார் பாவம்.

"பெஞ்சு ஆர்டர் ஓடிட்டிருக்கு. அந்தப் பொண்ணு வந்து நிக்குது, இருமல்னு. தம்பி கேக்கறான், ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமான்னு. முதலாளி என்ன சொல்றாரு? 'திரும்பு விசில்'ங்கறாரு." அவர் திரும்பி நின்று, தன் தோள்பட்டையைக் கூட்டத்துக்குக் காட்டினார். மீதமிருந்த விரலால் தட்டினார். "இங்க. கரெக்டா இங்க ஒரு தட்டு. தட்டிட்டுச் சொல்றாரு..."

"ஆறு கட்டில் வரும்!" என்று நான்கைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்.

ட்ராலி குலுங்கச் சிரித்தார்கள். ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டார். படத்தில் இருந்தவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சிராய் முக்காலின் தோள்பட்டையைப் பார்த்தான். கழுத்திலிருந்து நான்கு விரல், கைப்பக்கமாக. ஓரம்.

"கடைசியா என் தம்பி ரெண்டு வார்த்தை சொல்லுவான்."

அவன் நடந்து முன்னால் வந்தான். முற்றம் மெல்ல அடங்கியது. அக்கா பக்கத்தில் நின்றாள். சாவிக்கொத்து அவள் கையில் இருந்தது.

"எங்கப்பா தட்டினா தப்பாது" என்றான்.

"தப்பாது, தப்பாது" என்றார்கள்.

"அதுல ஒரு ரகசியம் இருக்கு. மில்லுக்கு வெளியில யாருக்கும் தெரியாது." குரல் தட்டையாக இருந்தது. அப்பா கதை சொல்லும்போதும் முதலில் இப்படித்தான் தட்டையாக ஆரம்பிப்பார். கூட்டம் முன்னால் சாய்ந்தது. "வாங்கறப்ப நடுவுல தட்டுவாரு. விக்கறப்ப ஓரத்துல தட்டுவாரு. ஓரம் எப்பவும் நல்லா கேக்கும்."

கேள்விதான் முதலில் வெடித்தார். "அடப் பாவி மனுஷா! இருபது வருஷமா ஓரத்துலயா?" தச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஏமாந்த கணக்கெல்லாம் நினைவு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அதானே பார்த்தேன், என் ஜன்னல் பொந்து!" "எனக்கு ஒரு கட்டிலே பொந்துடா!" யாரோ படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இவ்வளவு நேரத்தில் இதுதான் பெரிய சிரிப்பு.

"விசிலையும் ஓரத்துலதான் தட்டினாரு" என்றான் சிராய்.

அக்கா கைதட்டத் தொடங்கினாள். சாவிக்கொத்தோடு சேர்த்துத் தட்டினாள். முற்றம் முழுக்கக் கைதட்டியது. அவன் இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தான். மாமா வந்து தோளில் கைபோட்டு, "அப்பனுக்குப் பிள்ளை தப்பாமப் பொறந்திருக்கான்!" என்று உலுக்கினார். முக்கால் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கை இன்னும் தோள்பட்டையில் இருந்தது. அதை மெல்லக் கீழே இறக்கினார்.

"சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்க" என்றாள் அக்கா.

ரம்பக் கொட்டகைக்குள் அவள் அவனிடம் ஒரு தட்டை நீட்டினாள். சோறும் கறியும். அவன் வாங்கவில்லை.

"உனக்குக் கேட்டுச்சு" என்றான்.

"கேட்டுச்சு."

"அதான் கைதட்டினே."

"ஆமா." தட்டை ரம்பம் தீட்டும் பலகை மேல் வைத்தாள். "நீ புதுசா ஒண்ணும் சொல்லலடா. எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். அப்பாவே சொன்னாரு. 'நடுவுல தட்டினா எனக்குத் தெரிஞ்சு போயிடும். தெரிஞ்சா அனுப்பணும். எட்டு நாள் போகட்டும்'னாரு."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீயும் சொல்லல" என்றான்.

"நான் சொல்லல." அவள் குரல் உயரவில்லை. "நான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன். நீ பக்கத்துல நின்னே. ஒரு முழம் தூரம். அவர் எங்க தட்டினாருன்னு ஊருக்குத் தெரியாது, டிரைவருக்குத் தெரியாது, அந்தப் பொண்ணுக்கே தெரியாது. உனக்குத் தெரியாதா? பொறந்ததுல இருந்து பார்க்கறே. மறுநாள் காலைல ஏழு மணிக்கு வந்து அரத்தை எடுத்துட்டு உட்கார்ந்தியே, நானா கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்? லாரி இல்லையா ஊர்ல? பஸ் இல்லையா? அப்பா கேட்டைப் பூட்டினாரா?"

அவன் ரம்பத்தின் மேலிருந்த சாக்கை நகர்த்தி, பற்களைத் தொட்டுப் பார்த்தான். நான்கு நாளில் தீட்ட வேண்டும்.

"மிஸ்திரின்னு கூப்பிட்டாரு அக்கா" என்றான்.

அக்கா தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "எட்டு நாள்" என்றாள்.

"ஆமா. எட்டு நாள்."

"சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் சாப்பிட்டான். கறி நன்றாக வெந்திருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தபோது, கேள்வி வாசல் ஓரத்துத் தடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கையில் எலும்பு இருந்தது. கடித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, இது எப்ப வந்தது?"

"ரெண்டு மாசம் முன்னாடி."

"அப்பா வாங்கினதா?"

"கடைசியா வாங்கினது."

"அடடே. அவர் கை பட்டது." எலும்பைத் தூரப் போட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தடியைத் தடவினார். "என் பொண்ணுக்கு வீடு கட்டறேன். எல்லாக் கதவும் ஒரே மரத்துல போடணும்னு ஆசை. உங்கப்பா கடைசி மரம்னா அதுக்கு மேல என்ன? நல்ல மரமா இருக்குமா?"

"தட்டிப் பார்க்கலாம்."

"பார்றா!" கேள்வி கண்ணடித்தார். "ரகசியத்த ஊருக்கே சொல்லிட்ட. இனிமே ஓரத்துல தட்டினா நான் ஏமாற மாட்டேன். நடுவுல தட்டு."

அலுவலக அறையின் ஜன்னலில் அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிராய் தடியின் நடுவுக்குப் போனான். கிளை ஒடிந்த தழும்புக்குப் பக்கத்தில், எங்கே தட்ட வேண்டுமோ அங்கே, குனிந்தான். நடுவிரலை மடக்கினான். கண்ணை மூடவில்லை. தட்டினான்.

காலிப் பானையின் சத்தம். மூன்று முழம் இல்லை, நான்கு. அடிப்பக்கமாகவும் இறங்கியிருந்தது. அப்பாவால் கேட்க முடியாமல் போன சத்தம், ஒன்றுவிடாமல் அவன் காதில் விழுந்தது.

கேள்வி தடியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி, கண், வாய் என்று தேடித் தேடிப் பார்த்தார். இருபது வருடம் ஏமாந்த மனிதர், இந்தத் தடவை விடுவதாக இல்லை.

அந்த முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நல்ல மரம்" என்றான் சிராய். "உள்ள ஒண்ணுமில்ல."